லோகாம்பாள் கடிதம்

லோகாம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டால் டைப்ரைட்டர் சத்தத்திலேயே தெரிந்துவிடும். காந்தி ரோட்டில் மயில்வாகனத்தின் பட்டு நூல் கடையில் வேலை பார்த்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் பழக்கம். சனிக்கிழமைதோறும் அது பலமாகக் கேட்கும். கடையிலிருந்து தறிக்காரர்களுக்கும் ஜவுளிக்காரர்களுக்கும் போகிற வாராந்தரக் கடிதத்தை அன்றைக்குத்தான் அவள் அடிப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் அவள் அந்தக் கடையில் சேர்ந்தபோது வயது இருபத்தைந்து. பிறந்தது தாமலில், பயிர்வைக்கிற குடும்பத்தில். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துத் தமிழ் டைப்பிங்கும் பாஸ் செய்திருந்தாள். கணவன் ஆதிகேசவன் பெங்களூர் லைன் பஸ்ஸில் கண்டக்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தில் ஒன்றுமே இருக்காது. அதுதான் அவள் கோபத்துக்குக் காரணம். அம்பாள் அருளை வேண்டிப் பாதிப் பக்கம், முதலாளி எந்தக் கும்பாபிஷேகத்துக்கு என்ன கொடுத்தார் என்று கால் பக்கம், கடைசியில் ‘நூல் நிலவரம் திருப்திகரமாக உள்ளது’ என்று ஒரு வரி. யாருக்குத் திருப்தி, வாங்குகிறவனுக்கா விற்கிறவனுக்கா என்று அதில் இருக்காது. அதே வரியை ஒரு வருஷமாக அடித்துவிட்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை வாங்கினாள். பொட்டலத்தைப் பிரித்தால் அவள் அடித்த கடிதம். தபாலில் அதை வாங்கிய வியாபாரி எவனோ மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் பழைய பேப்பர்காரனிடம் போட்டிருந்தான்.

மறுநாள் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் முதலாளி மேஜைமேல் வைத்து, இதை யார் படிக்கிறார்கள் என்று கேட்டாள். மயில்வாகனம் கெட்டிக்காரர். வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். “நீ எழுதேன் பாக்கலாம். நாலு பேரு படிச்சா சரி” என்றார்.

விளையாட்டாகச் சொன்னதை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு சனிக்கிழமை எழுதி எழுதிக் கிழித்துப் போட்டாள். பட்டு நூல் விலையைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் பட்டுப்புடவை வாங்குகிறவர்களைப் பற்றித் தெரியும். தாமல் ஏரி நிரம்பிக் கலங்கலில் தண்ணீர் வழிந்தால் ஊரில் அந்தத் தை மாதம் கல்யாணம் நிறைய. கூறைப் புடவைக்குக் காஞ்சிபுரத்துக்கு வண்டி கட்டுவார்கள். ஏரி காய்ந்தால் மலிவான சின்னாளப்பட்டிப் புடவையோடு சரி. காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் நூலுக்குப் பெங்களூரையும் ஜரிகைக்குச் சூரத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களே ஒழிய, பன்னிரண்டு கல் தொலைவில் இருந்த ஏரியைப் பார்த்தவர்கள் இல்லை.

அவள் அதைத்தான் எழுதினாள். எந்த ஏரியில் எவ்வளவு தண்ணீர், நெல்லும் கடலையும் களத்தில் என்ன விலை போகிறது, எந்த மாதத்தில் எத்தனை முகூர்த்தம், கருட சேவைக்கு வந்த வெளியூர்க் கூட்டம் எந்தக் கடையில் எந்த நிறத்தைக் கேட்டது. பெங்களூர் நூல் மண்டியின் சங்கதி ஆதிகேசவன் மூலம் வந்தது. லாரிக்காரர்களும் மண்டிக் கணக்குப்பிள்ளைகளும் அவன் பஸ்ஸில் ஏறினால் பேசிக்கொண்டு வருவார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டே கேட்டு வந்து, காலையில் பல் துலக்கும்போது அவளிடம் சொல்லுவான். தந்தி வருவதற்கு முன்னால் அவன் வந்துவிடுவான்.

நாலு மாதம் போனபின், கடிதம் ஒருநாள் பிந்தினாலும் ஆட்கள் கடைக்கே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பிள்ளையார்பாளையத்தில் எட்டுத் தறி வைத்திருந்த நமச்சிவாயம், தறியில் அடுத்து எந்தப் புடவைக்குப் பாவு போடுவது என்று அதைப் படித்துவிட்டுத்தான் முடிவு செய்வார். ஆரணியிலிருந்து கடிதம் கேட்டுக் கார்டு வந்தது. மயில்வாகனத்தைச் சபைகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ‘உங்க கடுதாசி பிரமாதம்’ என்பார்கள். அவரும் கையைக் கூப்பிக்கொள்வார். கடிதத்தின் அடியில் அவர் பெயர்தான் இருந்தது. லோகாம்பாளுக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் அதை அவள் விழுங்கிக்கொண்டாள். கடையின் கடிதம், கடைக்காரர் பெயர், இருக்கட்டும் என்று நினைத்தாள்.

அறுபத்தொன்பது ஐப்பசியில் அந்தப் பொறுமையும் போயிற்று.

அந்த வாரம் பெங்களூர் மண்டியில் நூல் தேங்கிக் கிடக்கிறது, விலை இறங்கும், தேவைக்கு மட்டும் வாங்குங்கள் என்று அவள் எழுதியிருந்தாள். சைக்ளோஸ்டைல் போட ஸ்டென்சில் வெட்டி வைத்துவிட்டு, உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போனாள். திரும்பி வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் கடையின் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்த பழைய நூல் கட்டுகள் முக்கால்வாசி விற்றுப் போயிருந்தன. தீபாவளி முடிந்த சமயத்தில் இது எப்படி என்று அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. முதலாளி நல்ல குஷியில் இருந்தார்.

கார்த்திகை பிறந்து விலை சரிந்தது. ஒரு மத்தியானம் நமச்சிவாயம் கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று லோகாம்பாளைக் கூப்பிட்டார். அவர் கையில் கடிதம்.

“நீ அடிச்ச கடுதாசிதானேம்மா இது?” என்றார். “இத நம்பித்தான் இருந்த காசையெல்லாம் போட்டு நூலு வாங்கினேன். இப்போ கூலி குடுக்க வழியில்ல. எட்டுத் தறியில அஞ்சு நின்னு போச்சு. நெய்யறவங்க காலையில வந்து உக்காந்துக்கினு என் மூஞ்சியப் பாத்துக்கினு இருக்கறாங்க.”

அவள் வாங்கிப் படித்தாள். முதல் பக்கம் அவளுடையது. இரண்டாம் பக்கம் அவளுடையது இல்லை. ‘மைசூர்ப் பக்கம் அடைமழையால் பட்டுக்கூடு நாசம், தைக்குள் நூல் விலை வெகுவாக ஏறும், வேண்டுவோர் உடனே வாங்கி வைத்துக்கொள்ளவும்’ என்று அதில் இருந்தது. எழுத்துகூட வேறு மிஷினில் அடித்த எழுத்து.

நமச்சிவாயம் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. கடிதத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

மயில்வாகனம் மறைக்கவே இல்லை. வியாபாரத்தில் இதெல்லாம் உண்டு என்றார். சரக்கு தேங்கிவிட்டது, தள்ளியாக வேண்டியிருந்தது, சாமுவேலிடம் கொடுத்து ஒரு பக்கம் மாற்றி அடிக்கச் சொன்னேன் என்றார். சாமுவேல் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருப்பவர். கடிதத்தை சைக்ளோஸ்டைல் போட்டுக் கொடுப்பது அவர்தான்.

“அது பொய் மொதலாளி” என்றாள் லோகாம்பாள்.

“கடை என்னுது, கடுதாசி என்னுது, நீ தட்டற மிஷினும் என்னுது.”

“எழுத்து என்னுது.”

“அதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் குடுக்கறனே” என்றார் மயில்வாகனம், சத்தம் போடாமல்.

அவள் மிஷினுக்கு உறை போட்டு மூடினாள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் கடையை விட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை. நேராக சாமுவேலின் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் முன்னாலேயே, படிக்காமலா அடித்தீர்கள் என்று கேட்டாள். முதலாளி கொடுத்தார், அடித்தேன், எனக்கென்ன தெரியும் என்றார் அவர். அப்படியானால் நாளைக்கு நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாலும் அடித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டார். இன்ஸ்டிட்யூட் இருந்த கட்டடம் மயில்வாகனத்தின் மைத்துனருடையது.

சொந்தமாகக் கடிதம் போடப்போகிறேன் என்று அவள் சொன்னபோது ஆதிகேசவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் பெயரில் என்று மட்டும் கேட்டான். பொம்பளை பெயரைப் பார்த்தால் எவனும் சந்தா கட்ட மாட்டான், ‘காஞ்சி வர்த்தக மடல்’ என்று பொதுவாக வைத்தால் என்ன என்றான். அவன் நல்லதற்குத்தான் சொன்னான். அன்றைக்கு இரண்டு பேருக்கும் சண்டை வந்து, அவன் சாப்பிடாமலே டூட்டிக்குப் போனான். ‘லோகாம்பாள் கடிதம்’ என்றுதான் அவள் பெயர் வைத்தாள். பழைய டைப்ரைட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

சாமுவேலைத் தவிர ஊரில் இன்னும் இரண்டு இடத்தில் சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. மயில்வாகனத்துக்குப் பயந்து இரண்டு பேரும் கையை விரித்துவிட்டார்கள். அவள் ஸ்டென்சிலைக் காகிதத்துக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயிலேறினாள். அங்கே ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு கடையில் அடித்து வாங்கி, புக் போஸ்ட்டில் சேர்த்தாள்.

முதல் கடிதத்தில் பெரும்பகுதி மயில்வாகனம்தான். அவர் செய்ததைப் பெயர் சொல்லி, சரக்கு சொல்லி, ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாள். அடிக்கும்போது அவள் விரலெல்லாம் சூடாக இருந்தது. எழுதி முடித்தபின் அத்தனை வருஷமாக நெஞ்சில் அடைத்திருந்தது இறங்கியதுபோல் இருந்தது. ஆதிகேசவன் படித்துவிட்டு, எல்லாம் சரிதான், இதைப் படிக்கிறவன் நாளைக்கு எந்த நூல் வாங்குவான் என்று கேட்டான். 

இரண்டாம் கடிதத்திலும் மயில்வாகனம். மூன்றாம் கடிதத்திலும் மயில்வாகனம். சந்தா கட்டிச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களிலும் சிலர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார்கள். டீக்கடைகளில் மட்டும் அதைச் சத்தமாகப் படித்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அவளை மேலும் எரித்தது. அவள் ஊருக்கு வேடிக்கையாகிவிட்டாள்.

கடைசியில் நமச்சிவாயத்தைத் தேடிக்கொண்டு அவளே பிள்ளையார்பாளையம் போனாள். அவருக்காகத்தானே இத்தனையும், அவராவது புரிந்துகொள்வார் என்று ஒரு எண்ணம். அவர் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமலே பேசினார். நின்ற தறிகளில் இரண்டை மறுபடி ஓட்டியிருந்தார்.

“உனக்குக் கோவம் இருக்குது, நியாயந்தான். எனக்கும் இருக்குது. ஆனா உன் கோவத்த நான் காசு குடுத்து வாங்கணுமாம்மா? நான் இன்னா பாவு போடறதுன்னு சொல்லு, வாங்கறேன்.”

தெருமுனை திரும்பும்வரை அவரை அவள் மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். நன்றி கெட்ட ஆள் என்று நினைத்தாள். ராஜ வீதியைத் தாண்டும்போது திட்டு நின்றுவிட்டது. மூன்று கடிதத்தையும் வீட்டில் எடுத்து வைத்துப் படித்தாள். மயில்வாகனத்தை எடுத்துவிட்டால் மூன்றிலும் சேர்த்து அரைப் பக்கம்கூடத் தேறவில்லை. அம்பாளுக்குப் பதில் முதலாளி, அவ்வளவுதான். அவள் எந்தக் கடிதத்தைப் பார்த்து ஆத்திரப்பட்டாளோ அதே கடிதத்தைத்தான் எழுதியிருந்தாள். அதற்கு அவளுக்கு அவள் மேலேயே வந்த கோபம், மயில்வாகனத்தின்மேல் வந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு எழுதிய கடிதங்கள் வேறு தினுசு. ஒவ்வொரு செய்திக்கும் கீழே அது எப்படிக் கிடைத்தது என்று எழுதினாள். ‘இது நான் கண்ணால் பார்த்தது’, ‘இது லாரிக்காரர் இருவர் சொன்னது, இருவரும் ஒன்றாகவே சொன்னார்கள்’, ‘இது வதந்தி, நம்புவது உங்கள் பொறுப்பு’. போன வாரம் சொன்னதில் எது தப்பாகப் போயிற்று என்பதை முதல் பத்தியிலேயே போட்டாள். வியாபாரக் கடிதத்தில் தப்பை ஒப்புக்கொள்கிறவர்களை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. தன் வாயாலேயே தன் மானத்தை வாங்கிக்கொள்கிறாள் என்று கடைக்காரர்கள் பேசினார்கள். தறிக்காரர்கள் சந்தா கட்டினார்கள்.

செய்திக்காக அவள் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. திருப்புட்குழி சந்தைக்குப் போய்க் கடலை விலை கேட்பாள். திருமுக்கூடல் பக்கம் ஆற்றில் தண்ணீர் எப்படி என்று பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவாள். புதுச் சாயம் ஒன்று வந்தபோது, விற்கிறவர் பேச்சைக் கேட்காமல் ஒரு கழி நூல் வாங்கிச் சாயம் ஏற்றி, தண்ணீரில் ஊற வைத்து, வெயிலில் போட்டு, நிறம் இறங்கியதை எழுதினாள். அந்தச் சாயக்காரரின் ஏஜெண்டு அவள் வீட்டு வாசலில் நின்று கத்தினான். அவள் வெள்ளைத் துணியில் இறங்கிய சிவப்பைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

எழுபத்தொன்றில் ஆந்திராவில் தர்மாவரம்வரை கடிதம் போயிற்று. அங்கே தமிழ் தெரிந்த ஒருவரை வைத்துத் தெலுங்கில் வாசித்துக் கேட்பதாக ஒரு வியாபாரி எழுதியிருந்தார். அந்தச் சமயத்தில்தான் சாமுவேல் வீடு தேடி வந்தார். இன்ஸ்டிட்யூட்டை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டாராம். மயில்வாகனம் மாற்றச் சொன்ன அந்தப் பக்கத்தை நான் படித்துவிட்டுத்தான் அடித்தேன், பொய் சொன்னேன் என்றார். பழைய சைக்ளோஸ்டைல் மிஷினைச் சும்மாவே தருகிறேன், வைத்துக்கொள் என்றார். லோகாம்பாள் அவரை மன்னிக்கவில்லை. மிஷினைத் தவணைக்கு வாங்கிக்கொண்டாள்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. தாமல் ஏரிக்குள் மாடு மேய்ந்தது. ஐப்பசியிலேயே அவள் எழுதிவிட்டாள்: ‘இந்தத் தையில் கூறைப் புடவைக்கு ஆள் வராது. கனமான ஜரிகை போடாதீர்கள். சின்னக் கரை, லேசான புடவை நெய்யுங்கள். ஏரியை நான் நேரில் பார்த்தேன்.’

காந்தி ரோடே கொதித்தது. கரிநாக்குக்காரி, வாய் வைத்தால் விளங்காது என்றார்கள். கிடங்கில் கனமான புடவையை அடுக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த வரி நெருப்பாகப் பட்டது. அவளை எந்தக் கடையிலும் ஏற்றக்கூடாது என்று பேசி முடிவு செய்தார்கள். மயில்வாகனம்தான் முன்னால் நின்றார். ஒரு கடையில் படியேறிய அவளைச் சிப்பந்தி கையை நீட்டித் தடுத்தான். ஆதிகேசவனின் பஸ் முதலாளிக்கும் ஆள் அனுப்பினார்கள். பதினைந்து நாள் அவனுக்கு டூட்டி கிடைக்கவில்லை.

கடைக்குள் விடாவிட்டால் தெருவில் நிற்கிறேன் என்று அவள் எதிர்ச்சாரியில் குடையை விரித்துக்கொண்டு நின்றாள். தை மாதம் முழுக்க முகூர்த்தத்துக்கு முந்தின நாட்களில் நின்றாள். எந்தக் கடையிலிருந்து எத்தனை குடும்பம் பெட்டியோடு வெளியே வந்தது, எத்தனை குடும்பம் வெறுங்கையோடு வந்தது என்று பார்த்தாள். வெறுங்கையோடு வந்தவர்களிடம் எதைத் தேடினீர்கள் என்று கேட்டாள். ‘லேசா, நெறம் கெட்டியா, கைக்கு அடக்கமா ஒண்ணு’ என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அதை அப்படியே அவர்கள் வார்த்தையிலேயே கடிதத்தில் போட்டாள். எதிரே கல்லாவில் உட்கார்ந்திருந்த மயில்வாகனம் அவளைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். வெயிலில் கால் வீங்கிப்போய் வீட்டுக்கு வருவாள். அந்த மாதம் அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியவில்லை.

அவள் சொன்னபடி லேசான புடவை நெய்தவர்கள் அந்த வருஷத்தைத் தாண்டினார்கள். நமச்சிவாயம் எட்டுத் தறியையும் ஓட்டினார். கனமான புடவைகள் கிடங்கிலேயே கிடந்தன. சித்திரையில் காந்தி ரோட்டுக் கடைகள் ஒவ்வொன்றாகக் கடிதத்துக்குச் சந்தா கட்டின. மயில்வாகனம் தன் பெயரில் கட்டாமல் மருமகன் பெயரில் கட்டினார். விலாசத்தைப் பார்த்ததும் லோகாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. திருப்பி அனுப்பிவிடலாம் என்று மணியார்டர் பாரத்தைக்கூட எடுத்தாள். பிறகு, பொய் சொல்லாத கடிதம் ஒன்றை அவர் வாரம் தவறாமல் படிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

எழுபத்திநாலில் வியாபாரிகள் சங்கத்தின் ஆண்டு விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. கடிதத்துக்குப் பாராட்டு உண்டு, குடும்பத்தோடு வரவேண்டும் என்று வீட்டுக்கே வந்து அழைத்தார்கள். லோகாம்பாள் அரக்கு நிறத்தில் கரைவைத்த புடவை கட்டிக்கொண்டு போனாள். வாசலில் சந்தனம் கொடுத்து, பெண்கள் உட்காரும் பக்கத்தைக் காட்டினார்கள். ஆதிகேசவனை மட்டும் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய் நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஏதோ பேசிவிட்டுத் தன்னையும் கூப்பிடுவார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, சேதி கேட்டுவர மனைவியை அனுப்பி, தான் எழுதுவதை அவள் பெயரிலேயே நடத்தும் ஆதிகேசவனின் அடக்கத்தைப் புகழ்ந்தார். நம்ம ஊர் வியாபாரத்துக்குக் கண் கொடுத்தவர் என்றார். மயில்வாகனம் எழுந்து ஆதிகேசவனுக்குப் பொன்னாடை போர்த்தினார். ஆதிகேசவனை விட்டால் மேடையில் உண்மை நிச்சயமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவள் ஸ்டென்சில் வெட்டியதை மூன்று வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவர், கூசாமல் கை தட்டினார்.

ஆதிகேசவன் பொன்னாடையோடு திகைத்து நின்றான். மைக் அவன் வாய்க்கு நேராக வந்தது. “நான் பஸ் கண்டக்டருங்க. எழுதறது அவங்க” என்று பெண்கள் பக்கம் கையைக் காட்டினான். தலைவர் சிரித்துக்கொண்டே, அடக்கத்தைப் பாருங்கள் என்றார். மண்டபம் கைதட்டியது.

லோகாம்பாள் எழுந்து நடுவழியாக நடந்தாள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. மேடைக்கு ஏறவில்லை. கீழேயே நின்று, மைக் இல்லாமலே பேசினாள்.

“மயில்வாகனம் மொதலாளி, நீங்க சொல்லுங்க. யார் எழுதறது?”

மயில்வாகனம் உட்கார்ந்தபடியே செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காத்திருந்தாள். பின்வரிசையிலிருந்து நமச்சிவாயம், அந்தம்மாதான் எழுதறாங்க, ஊருக்கே தெரியும் என்றார். மேடை அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தலைவர் குழைந்து, அதனால் என்னம்மா, கணவன் மனைவி இரண்டு பேரும் ஒன்றுதானே, மேலே வாங்க, உங்களுக்கும் ஒரு மாலை போட்டுவிடலாம் என்றார்.

“எனக்கு மால வேணாம். அவர் வாயால ஒரு வார்த்த வேணும்” என்றாள்.

அந்த வார்த்தை வரவில்லை. ஆதிகேசவன் பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தான். இரண்டு பேரும் சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியேறினார்கள்.   பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் இரண்டு பேரும் தோசை சாப்பிட்டார்கள். இலையைப் பார்த்தபடியே அவள், “நீங்க சொன்னீங்க. அது போதும்” என்றாள். அப்போதும் முகம் சிவந்துதான் இருந்தது.

அடுத்த வாரம் விழாவைப் பற்றி நாலு வரி போடும்படி சங்கத்திலிருந்து ஆள் வந்தது. அவள் போடவில்லை. சூரத்திலிருந்து வந்த புது ஜரிகையில் வெள்ளி குறைவாக இருப்பதை உரசிப் பார்த்து எழுதினாள். யார் கடையில் வாங்கியது என்பதையும் எழுதினாள்.